மெர்வின் வில்லும் ஹார்லனின் பதினொரு சட்டைத் துண்டும்

முதல் அம்பை விட்டபோது எழுந்த சத்தத்தில் மெர்வின் கிராட்ஸரின் நாய் டாலி வராந்தாவுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது. கறித்துண்டைக் காட்டிக் கூப்பிட்டும் சாயங்காலம்வரை வெளியே வரவில்லை.

கடைக்காரன் சொன்னது வேறு. பூனை நடப்பது மாதிரி இருக்கும் என்றான். கடைக்காரன் பேச்சை மெர்வ் என்றைக்கும் நம்பியதில்லை. ஆனாலும் இவ்வளவு பொய் சொல்வான் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. துப்பாக்கிக் கட்டையின் முனையில் ஒரு வில்லைக் குறுக்கே படுக்கவைத்தது போன்ற சாமான் அது. கைப்பிடியைச் சுழற்றி நாணை இழுத்து மாட்டி, அம்பை வைத்து, விசையைத் தட்ட வேண்டும். தட்டினால் களஞ்சியத்துக் கதவைக் காற்று அறைந்து சாத்தினது மாதிரி ஒரு அடி. கூடவே தகர டப்பாவுக்குள் ஆணியைப் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு கலகலப்பு.

எழுபத்தோரு வயதில் அவன் கையில் எடுத்த முதல் வில் அது. எல்லாம் அந்த டாக்டரால் வந்தது. மெர்வைக் கேட்டால் அப்படித்தான் சொல்வான். நடந்தது இதுதான். போன வசந்தத்தில் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைப்பதற்கு முன்னால் டாக்டர் கேட்டார்.

"எந்தக் கையால எழுதுவீங்க?"

"ரெண்டு கையாலயும் எழுத மாட்டேன்."

டாக்டர் சிரித்துவிட்டு இடது பக்கம் வைத்து முடித்தார். தையல் பிரித்த அன்றைக்குத்தான் துப்பாக்கிப் பேச்சு வந்தது.

"வெடி உதைக்கிறது அந்தப் பெட்டிக்கு ஆகாது. எந்தத் தோள்ல வச்சுச் சுடுவீங்க?"

"இடது."

"அய்யய்யோ. அதை அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"நீங்க எழுதறதைப் பத்தித்தானே கேட்டீங்க."

சொல்லியிருக்கலாம்தான். ஆனால் தன்னைப் பற்றி ஒரு விவரம் கூடுதலாகக் கொடுத்தால் அதற்கும் ஒரு ஊசி வைத்திருப்பார்கள் என்பது மெர்வின் எண்ணம். ஐம்பது வருஷமாக இடது தோளில் வைத்துச் சுட்டவன் வலது தோளுக்கு மாற முடியாது. மாறிப் பார்த்தான். களஞ்சியத்தையே தவறவிட்டான். குறுக்குவில் உதைக்காது, அது பரவாயில்லை என்றார் டாக்டர். அப்படி வந்து சேர்ந்தது இந்தச் சாமான்.

பென்சில்வேனியாவின் வடக்குக் காட்டில், சாணைக்கல் ஓடைக்கு மேலே, அவனும் கூட்டாளிகளும் வைத்திருக்கும் வேட்டை முகாம் இருக்கிறது. பெரிய பேர்தான். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு மரவீடு, ஆறு கட்டில், ஒரு விறகு அடுப்பு. நாற்பத்துநாலு வருஷமாக மெர்வுக்கு அங்கே ஒரு கட்டிலும் ஒரு ஆணியும் உண்டு. ஆணி தொப்பி மாட்ட.

ஆகஸ்டில் விறகு பிளக்கப் போனபோது, அவனுடைய ஆணியில் கிளெமின் ஏப்ரன் தொங்கிக்கொண்டிருந்தது.

கிளெம் முகாமின் சமையல்காரன். ஆறு வருஷத்துக்கு முன்னால் கண் மங்கியபோது ஏப்ரன் கட்டினான். ஒரு பருவத்துக்கு மட்டும் என்று சொல்லித்தான் கட்டினான். அப்புறம் செத்துப்போகும்வரை காட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. பொழுது விடியும் முன் எல்லாரும் கிளம்பிப் போவார்கள். அவன் மட்டும் ஜன்னல் ஓரம் நின்று தட்டைத் துடைத்துக்கொண்டிருப்பான். துடைத்த தட்டையே திரும்பத் திரும்பத் துடைப்பான்.

"இதை யார் இங்க மாட்டினது?" என்றான் மெர்வ்.

"தானா நடந்து வந்திருக்கும்" என்றான் ராய்ஸ். முகாமில் சாவி வைத்திருப்பவன் அவன். வாயும் அவனுக்குத்தான் ஜாஸ்தி. "ஏன்டா கோவப்படறே? நெஞ்சுக்குள்ள பேட்டரி, கையில பொம்மை வில்லு. அடுப்புப் பக்கம் சூடா உக்காரேன்."

"நீ போட்ட காபியைக் குடிக்கிறதுக்குப் பதில் நான் செத்தே போயிடலாம்."

"அப்ப நீயே போடேன்னுதான் சொல்றேன்."

ராய்ஸின் மைத்துனன் கர்ட்டிஸ் கோடாலியை ஊன்றிக்கொண்டு சிரித்தான். மெர்வுக்குக் காது சூடாகிவிட்டது.

"அக்டோபர்ல ஒரு மான் கொண்டாறேன். இந்த வில்லாலயே."

"எத்தனை அம்புல?"

"ஒரே அம்பு. நாற்பத்துநாலு வருஷத்துல என் சட்டையை எவனாவது வெட்டியிருக்கானா?"

அது உண்மை. மானைத் தவறவிட்டவனின் சட்டைப் பின்துணியை வெட்டி, தேதி எழுதி, சுவரில் அறைவது முகாமின் வழக்கம். அடுப்புக்கு எதிர்ச் சுவர் முழுக்கத் துண்டுகள்தான். கட்டம் போட்டது, கோடு போட்டது, சாயம் போனது. மெர்வின் துண்டு ஒன்றுகூடக் கிடையாது. பதினொன்று, பழைய கூட்டாளி ஹார்லனுடையது.

"சரி" என்று ராய்ஸ் கையை நீட்டினான். "முதல் அம்புல விழுந்தா நீ வேட்டைக்காரன். தவறிச்சுன்னா ஏப்ரன். சாட்சிக்கு கர்ட்டிஸ்."

மெர்வ் கையைப் பிடித்துக் குலுக்கினான். வீடு திரும்பும் வழியெல்லாம் தட்டைத் துடைக்கும் கிளெமின் கைதான் கண்ணில் நின்றது.

மானுக்குக் காது பெரிசு. நாண் அறையும் சத்தம் அம்பைவிட முந்திப் போய்விடும். சத்தம் கேட்ட மான் துள்ளி ஓடுவதற்காக முதலில் உடம்பைத் தாழ்த்தும். அந்த ஒரு நொடியில் அம்பு முதுகுக்கு மேலே போய்விடும். இல்லையென்றால் படக்கூடாத இடத்தில் படும். தவறினால்கூடப் பரவாயில்லை, குடலில் அம்போடு ஒரு உயிர் இரண்டு நாள் காட்டில் அலைவது மெர்வுக்கு ஆகாது. அதனால் சத்தத்தைக் கொன்றாக வேண்டும்.

முப்பத்தெட்டு வருஷம் மர அறுவை ஆலையில் வேலை பார்த்தவன் அவன். ரம்பம் அவன் காதில் பாதியைத் தின்றிருந்தது. ஆனால் ஒரு எந்திரம் ஒரு சத்தம் போடாது, இருபது சின்னச் சத்தங்களைச் சேர்த்துத்தான் போடும் என்பதை அந்த ஆலைதான் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது. வில்லை மடியில் வைத்து, விரலால் ஒவ்வொரு இடமாகத் தட்டினான். காதுக்குக் கேட்காத கிடுகிடுப்பு விரலுக்குத் தெரிந்தது. தளர்ந்த திருகுகளையெல்லாம் கழற்றி, பசை தொட்டு, இறுக்கினான். பக்கத்தில் அம்பு செருகி வைக்கும் கூடுதான் பாதிக் கலகலப்பு. அதைக் கழற்றி வீசினான். தோள்வார் மாட்டும் வளையத்துக்குப் பழைய கம்பளி சுற்றினான். கால் வைக்கும் இரும்பு வளைவுக்கு சைக்கிள் ட்யூப். வில்லின் இரண்டு கைகளும் கட்டையில் சேரும் இடத்தில் மெல்லிய ரப்பர். நாணுக்குத் தேன்மெழுகு தேய்த்து, விரல் சுடும்வரை உருவிவிட்டான். கடைக்காரன் கொடுத்த இறகு மாதிரியான அம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கனமான அம்பு வாங்கினான். அம்பு கனத்தால் வில்லின் கோபத்தை அதுவே தூக்கிக்கொண்டு போகும், மிச்சம் மீதிதான் சத்தமாகும்.

காது சரியில்லாதவனுக்கு அளவுகோல் யார்? டாலிதான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு அம்பு விடுவான், நாயைத் திரும்பிப் பார்ப்பான். இரண்டாவது நாள் நாய் எழுந்து நகர்ந்து போனது, ஆனால் பதுங்கவில்லை. மூன்றாவது வாரம் எழுந்திருக்கவில்லை, தலையை மட்டும் தூக்கியது. அதற்குமேல் சத்தம் இறங்கவில்லை. என்ன செய்தாலும் தலை தூக்கியது.

அப்போதுதான் ஹார்லனின் நாண் ஞாபகம் வந்தது.

ஹார்லன் ஆலையில் மெர்வுக்கு எதிர் ரம்பத்தில் நின்றவன். முகாமில் எதிர்க் கட்டில். கையால் இழுக்கும் நெட்டை வில்தான் கடைசிவரை வைத்திருந்தான். அவன் நாணில் இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் சடைசடையாக ஏதோ தொங்கும். "உன் வில்லுக்குத் தாடி முளைச்சிருச்சுடா" என்று மெர்வ் சொல்லாத வருஷம் கிடையாது. நீர்நாயின் ரோமம் அது. ஹார்லன் செத்து ஒன்பது வருஷம் ஆகிறது.

அவன் பெண்டாட்டி அர்லீன் கதவைத் திறந்து, மெர்வை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யார் செத்தா?"

"யாரும் சாகல. ஹார்லன்கிட்ட நீர்நாய்த் தோல் இருந்துச்சே. ஒரு துண்டு வேணும்."

"எதுக்கு?"

மெர்வ் சொன்னான். அர்லீன் கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"இருபத்தஞ்சு வருஷம் அந்த மனுஷனை தாடி வில்லு, தாடி வில்லுன்னு சொன்ன வாயா இது? உள்ள வா. பூட்ஸைக் கழட்டிட்டு வா."

காபியும், பீட்ரூட் சாற்றில் ஊறிய முட்டையும் வைத்தாள். ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து மேஜையில் கவிழ்த்தாள். சுருள் சுருளாக ரோமப் பட்டைகள். ஹார்லன் நறுக்கி வைத்துவிட்டுப் போனவை. மேஜையெல்லாம் அவனுடைய புகையிலை வாசனை எழுந்தது. மெர்வ் முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லாத்தையும் எடுத்துக்கோ" என்றாள். "நான் என்ன, பின்னல் போடவா போறேன்? அவனால எனக்குச் சட்டைச் செலவுதான் மிச்சம். பதினொரு சட்டை. ஒண்ணொண்ணும் நல்ல கம்பளி. 'யாரு பார்த்தா, சொல்லாம இருந்தா என்ன'ன்னு கேப்பேன். சிரிப்பான். சிரிச்சிட்டு அடுத்த சட்டையைப் போட்டுக்கிட்டுப் போவான்."

"குறி பார்க்கத் தெரியாதவன்" என்றான் மெர்வ். அவனும் அர்லீனும் பழக்கமாகச் சொல்லிச் சிரிப்பது அது. இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

நாணின் இரண்டு முனைக்கும் ஒரு சாண் உள்ளே ரோமத்தைச் சுற்றி முடிந்தான். வில்லுக்குத் தாடி முளைத்தது. அம்பை விட்டான். தலையணையில் குத்தினது மாதிரி ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தான். டாலி படுத்த இடத்தில் படுத்தபடி, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை விடியலில், மேட்டு ஓக் மரங்களுக்குக் கீழே தன் பழைய இடத்தில் மெர்வ் உட்கார்ந்தான். சருகில் எலி நடந்தாலும் அவன் காதுக்கே கேட்கும் இடம் அது. இந்த இடத்திலிருந்து அவன் சுட்டால் வெடி பள்ளத்தில் இறங்கி எதிர்மலையில் முட்டி இரண்டு தரம் திரும்பி வரும். முகாமில் இருப்பவர்கள் "அது மெர்வ்" என்பார்கள். கிளெம் இருந்தவரை உடனே காபிக்குத் தண்ணீர் வைப்பான். மெர்வ் மானை இழுத்துக்கொண்டு வந்து சேரும்போது கோப்பை ஆவி பறக்க மேஜையில் இருக்கும். நாற்பது வருஷம் அந்தச் சத்தம்தான் அவனுக்குப் பேர். இப்போது அதைக் கம்பளி சுற்றி வாயடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஏழரை மணிக்குப் பெண் மான் ஒன்று வந்தது. இருபத்தைந்து எட்டு தூரம். பக்கம் காட்டி நின்றது. மெர்வ் விசையைத் தட்டினான்.

மான் முழங்கால் மடிந்து சருகோடு சருகாகப் படிந்தது. அம்பு அதன் முதுகுக்கு மேலே ஒரு கை உயரத்தில் போயிற்று. பிறகு ஒரு துள்ளல், வெள்ளை வால், அவ்வளவுதான்.

அம்பைத் தேடி எடுத்தான். ரத்தம் இல்லை, ரோமம் இல்லை. அதுவரைக்கும் நல்லது. மரத்தடியில் உட்கார்ந்து யோசித்தபோது தன் மடத்தனம் விளங்கியது. நூறு நூற்றைம்பது அம்பு விட்டிருப்பான். வில் அமைதியானது பாதி, நாய் பழகிப்போனது பாதி. டாலிக்கு அது தினமும் கேட்கும் வீட்டுச் சத்தம். மானுக்கு முதல் சத்தம். அதுவும் இந்த மேட்டில், எலி நடந்தாலே கேட்கும் இடத்தில்.

காலைச் சாப்பாட்டுக்கு முகாமுக்குப் போனான்.

"ஏதாவது தென்பட்டுச்சா?" என்றான் ராய்ஸ்.

"அணில்."

பொய் இவ்வளவு சுலபமாக வருமென்று அவனுக்கே தெரியாது. ஏப்ரன் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பான்கேக்கை விழுங்கிவிட்டு வெளியே வந்துவிட்டான்.

அன்று மத்தியானம் ஓடைக்கரையில் விழுந்துகிடந்த மரத்தில் உட்கார்ந்து முகம் கழுவினான். திடீரென்று தோளில் ஒரு கை விழுந்தது. மெர்வ் தண்ணீரிலேயே விழப் பார்த்தான்.

"பேட்டரி தெறிச்சிரப் போகுதுடா பாவி!"

கர்ட்டிஸ். "மூணு தடவை கத்தினேன். கைதட்டினேன். காது மொத்தமாப் போச்சா?"

"ஓடை இரையுதுல்ல."

"அதுவும் சரிதான். இங்க பக்கத்துல வந்து பீரங்கி வெடிச்சாலும் கேக்காது. ஹார்லன் பைத்தியக்காரன், இதுலதான் போய் உக்காருவான்."

கர்ட்டிஸ் போன பிறகு மெர்வ் கீழே பார்த்தான். அவன் உட்கார்ந்திருந்த மரத்தில் ஒரு ஆள் உட்காரும் அகலத்துக்குக் கத்தியால் சீவி மட்டமாக்கியிருந்தது. மேலே பாசி படர்ந்திருந்தது.

ஹார்லனின் இடம். "மான் வர்றது காதுல விழாத இடத்துல உக்காந்து என்னத்தைடா கிழிக்கிறே?" என்று எத்தனை தரம் கேட்டிருப்பான். ஹார்லன் பதில் சொன்னதில்லை. துப்பாக்கிக்காரனுக்கு மான் வருவது கேட்க வேண்டும். வில்காரனுக்கோ, மானின் காதில் எதுவும் விழக் கூடாது. ஓடை இரைச்சலில் மானுக்கும் கேட்காது, அவனுக்கும் கேட்காது, கண்ணை வைத்துச் சமாளிக்க வேண்டும். இதைச் சொல்லியிருக்கலாமே, தடியா, என்று மெர்வ் பாசியிடம் சொன்னான். சொல்லியிருந்தாலும் தான் கேட்டிருக்கப் போவதில்லை என்பதும் அவனுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அந்த மரத்தில் போய் உட்கார்ந்தான். எதுவும் கேட்கவில்லை. கண் வலித்தது. ஐந்தே முக்காலுக்கு, பார்த்துக்கொண்டிருந்த புதருக்கு முன்னால் ஒரு பெண் மான் நின்றுகொண்டிருந்தது. வந்ததே தெரியவில்லை. பதினைந்து எட்டு தூரம். தண்ணீருக்குக் குனிந்தது. மெர்வ் விசையைத் தட்டினான். அவனுக்கே சத்தம் கேட்கவில்லை. மான் தலையைத் தூக்கி, யாரோ தொட்டது மாதிரி பக்கவாட்டில் பார்த்தது. நாலு எட்டு நடந்தது. பிறகு முன்னங்கால் மடிந்து கரையில் சாய்ந்தது. அவ்வளவு அமைதியாக ஒரு உயிர் போய் அவன் பார்த்ததில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது முகாமில் காபி இல்லை. யாருக்கும் எதுவும் கேட்டிருக்கவில்லையே.

"ஏய்! கர்ட்டிஸ்! வெளிய வாடா, கிழவன் எதையோ இழுத்துட்டு வர்றான்!" ராய்ஸ் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஓடிவந்து மானின் இன்னொரு காலைப் பிடித்தான். மானைத் தொங்கவிட்டுச் சுத்தம் செய்யும்வரை அவன் வாய் ஓயவில்லை. உள்ளே வந்ததும் ஆணியிலிருந்து ஏப்ரனை உருவி விறகுப் பெட்டியில் எறிந்தான்.

"பேச்சுன்னா பேச்சு. ஒரே அம்பு! நாற்பத்துநாலு வருஷம், பேட்டரி, பொம்மை வில்லு, எல்லாம் சேர்த்து ஒரே அம்பு. மெர்வுக்கு ஊத்துடா."

மெர்வ் கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டு சுவருக்கு எதிரே உட்கார்ந்தான். அவனுடைய இடம் எப்போதும் அதுதான். ஹார்லனின் பதினொரு துண்டுகள் ஒரே வரிசையில் இருந்தன. ஒவ்வொன்றிலும் தச்சன் பென்சிலில் தேதி. பச்சைக் கட்டம். சிவப்புக் கட்டம். அர்லீன் வாங்கின நல்ல கம்பளி.

மற்றவன் துண்டெல்லாம் எப்படி வந்தது? வெடி கேட்கும். எல்லாரும் எண்ணுவார்கள். மான் இல்லாமல் திரும்பி வந்தவனை வாசலிலேயே பிடித்துக்கொள்வார்கள். ஒளிக்க வழி இல்லை. ஹார்லனின் வில் யாருக்குக் கேட்டது? ஓடைக்கரையில், தாடி வைத்த நாணோடு, தனியாக உட்கார்ந்திருந்தவன். பதினொரு தடவையும் தவறியது அவனுக்கும் மானுக்கும் மட்டும்தான் தெரியும். பதினொரு தடவையும் அவனே கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, "தவறிப்போச்சு, கத்தரி எங்கே?" என்று கேட்டிருக்கிறான். மெர்வ் அதே பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு தடவையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறான்.

"ராய்ஸ்" என்றான். "கத்தரி எங்க?"

"எதுக்கு? கறிக்கா? கத்திதான் இருக்கே."

"நேத்துக் காலையில மேட்டுல ஒண்ணு விட்டேன். தவறிச்சு. அதான் முதல் அம்பு."

அடுப்பில் விறகு ஒன்று சரிந்து விழுந்தது.

"அணில்னு சொன்னே" என்றான் கர்ட்டிஸ்.

"அணில் இல்ல."

ராய்ஸ் மண்டையைச் சொறிந்தான். "யாரும் பார்க்கலியேடா மெர்வ். எங்க காதுலயும் விழல. மான் வெளிய தொங்குது. பேசாம குடிச்சிட்டுப் படேன். நான் ஒண்ணும் சண்டைக்கு வரப் போறதில்ல."

"கத்தரியை எடுறா."

எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். ராய்ஸ் அவன் கால்சட்டைக்குள்ளிருந்து சட்டையை வெளியே இழுத்தான். கத்தரி மொண்ணை. நாலு இழுப்பு இழுத்துத்தான் துணி வந்தது. பெஞ்சின் மேல் வைத்துத் தேதியை எழுதினான் கர்ட்டிஸ். மெர்வே சுத்தியலை வாங்கி, ஹார்லனின் கடைசித் துண்டுக்குப் பக்கத்தில் அறைந்தான். பிறகு விறகுப் பெட்டிக்குள் குனிந்து ஏப்ரனை எடுத்து உதறி, இடுப்பில் கட்டிக்கொண்டான். கிளெம் ஒல்லி. கயிறு எட்டவில்லை. முடிச்சு போட ராய்ஸ்தான் உதவினான். போடும்போது அவன் ஒரு வார்த்தைகூடக் கேலி பேசவில்லை. அதுதான் மெர்வுக்குத் தாங்க முடியவில்லை.

சனிக்கிழமை விடியலில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து மாவு கரைத்தான். பான்கேக் ஒரு பக்கம் கருகியது.

"மாட்டுத் தோல் மாதிரி இருக்குடா" என்றான் ராய்ஸ். கேலி திரும்பி வந்துவிட்டது.

"மென்னு தின்னு. பல்லு இருக்கில்ல."

தட்டுகளைக் கழுவினான். ஒவ்வொன்றையும் ஒரே தடவை துடைத்தான். கடைசித் தட்டை அடுக்கிவிட்டு, ஏப்ரனுக்கு மேலேயே கோட்டை மாட்டி, மூலையிலிருந்து வில்லை எடுத்தான்.

"எங்க கிளம்பிட்டே?" ராய்ஸ் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தான். "ஏப்ரன்னு பேசினோமே."

"கட்டிட்டேன்ல. கழட்டினா கேளு."

"கட்டினவன் காட்டுக்குப் போறதில்லையே. கிளெம் போனானா?"

"அவனுக்குக் கண்ணு தெரியல. எனக்குத் தெரியுது. இன்னொரு மானுக்கு லைசென்ஸ் சீட்டு பாக்கெட்ல இருக்கு. இதைக் கட்டிக்கிட்டு ஓடைக்குப் போகக்கூடாதுன்னு எந்தச் சுவத்துல எழுதியிருக்கு?"

ராய்ஸ் சுவரைத் திரும்பிப் பார்த்தான். கர்ட்டிஸும் பார்த்தான். துண்டுகள்தான் இருந்தன.

"பன்னெண்டு மணிக்கு மிளகாய்க் கறி வேணும்" என்றான் ராய்ஸ் கடைசியில்.

"பன்னெண்டரைக்குத்தான் வரும்."

இறக்கத்தில் சருகெல்லாம் பனி பூத்திருந்தது. கோட்டுக்குக் கீழே ஏப்ரன் முழங்காலில் தட்டியது. வெட்டின சட்டைக்குள்ளே காற்று புகுந்து முதுகுத்தண்டு வரை ஏறியது. இந்தக் குளிரைப் பதினொரு தடவை தாங்கியிருக்கிறான் தடியன், ஒரு தடவைகூட முனகவில்லை. ஓடையின் இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருகி, மெர்வின் காலடிச் சத்தத்தை முழுக்க விழுங்கியது.